உற்பல ஊரில், நீருக்கு நடுவே ஒரு சுவடிக்கூடம்

தாய்லாந்தின் கிழக்கு ஓரத்தில் லாவோஸ் எல்லைக்கு அருகே இருக்கும் உபோன் ராச்சதானி என்ற ஊர்ப்பெயர் தமிழ்க் காதுக்கு அந்நியமே இல்லை. ‘உபோன்’ என்பது பாலி மொழியின் உப்பலம், அதாவது நம் உற்பலம். ‘ராச்சதானி’ ராஜதானி. நீர்ப்பூவின் பெயரைத் தாங்கிய அந்த ஊரின் கோயில் ஒன்றில், குளத்தின் நடுவே ஒரு மரக்கட்டடம் கால்களை நீரில் ஊன்றி நிற்கிறது. கோயிலின் பெயர் வாட் துங் சி முவாங். கட்டடத்தை ஹோ த்ரை என்கிறார்கள். திரிபிடகக் கூடம், அதாவது பௌத்த மறைநூல் கூடம், என்பது பொருள். ஏட்டுச்சுவடிகளை வைப்பதற்கென்றே கட்டியது.

தாய், லாவோ, பர்மிய பாணிகளின் கலவை என்று சுற்றுலாக் குறிப்புகள் இதைப் பற்றி ஒரு வரி எழுதும். தவறில்லை. ஆனால் அந்த வரியோடு நின்றால் கட்டடம் எப்படி இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். அது ஏன் தரையை விட்டுத் தண்ணீருக்குள் போனது என்பது தெரியாது. என் பார்வையில் இது முதலில் ஒரு காப்புச் சாதனம். வேரோடு பெயர்ந்து வந்த ஒரு சமூகம் தன் ஏடுகளைக் கரையானிடமிருந்தும் தீயிடமிருந்தும் காப்பாற்றக் கண்ட வழி. அப்படிப் பார்த்தால்தான் கோயிலின் வரலாறும் புரிகிறது.

உபோனை நிறுவியவர்கள், இன்றைய லாவோஸின் தலைநகரான வியந்தியானிலிருந்து வந்த லாவோக்கள். லாவோக்களின் லான் சாங் அரசு 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியந்தியான், லுவாங் பிரபாங், சம்பாசக் என மூன்றாக உடைந்தது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வியந்தியான் மன்னர் சிரிபுன்யசானுக்கும் பிரா தா, பிரா வோ என்ற இரு பிரபுக்களுக்கும் பகை மூண்டது. இருவரும் தங்கள் மக்களோடு விலகி, இன்றைய நொங் புவா லம்பூவில் தனி நகரம் அமைத்தார்கள். வியந்தியான் படை விடவில்லை. பிரா தா போரில் மாண்டார். பிரா வோ தெற்கே சம்பாசக்கில் அடைக்கலம் தேடினார். அங்கும் நிலைக்க முடியாமல், மூன் ஆற்றங்கரையில் டொன் மொத் தாயெங் என்ற மேட்டில் வந்து தங்கினார். ‘செவ்வெறும்பு மேடு’ என்பது அந்தப் பெயரின் பொருள். அங்கே துரத்தி வந்த வியந்தியான் படை அவரையும் கொன்றது. அந்தக் கொலையைக் காரணம் காட்டித்தான் சயாம், அதாவது அன்றைய தாய்லாந்து, படையெடுத்தது. 1779-இல் வியந்தியான் வீழ்ந்தது. மரகத புத்தர் சயாமுக்குப் போனார். பாங்காக்கில் இன்று கோடிக்கணக்கானோர் வணங்கும் அந்தச் சிலையின் பயணத்துக்கும் இந்த அகதிக் கூட்டத்தின் கதைக்கும் முடிச்சு இந்த இடத்தில்தான் விழுகிறது.

எஞ்சியவர்களை நடத்திச் சென்றவர் பிரா தாவின் மகன் கம் போங். மேட்டிலும் வெள்ளம் புகுந்ததால் ஹுவாய் சேரமே என்ற இடத்துக்கும், பிறகு மூன் ஆற்றின் வடகரையில் டொங் ஊ புங் என்ற காட்டுக்கும் மாறினார்கள். ‘புங்’ என்றால் தேனீ. தேன்கூடுகள் நிறைந்த காடு. (இன்று உபோன் என்றதும் தாய்லாந்துக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மழைக்கால நோன்பின் மெழுகுவர்த்தித் தேர்த் திருவிழா. தேனடைக் காட்டில் எழுந்த ஊருக்கு அது பொருத்தம்தான்.) சம்பாசக்கில் எழுந்த சியாங் கேவ் கலகத்தை 1791-இல் அடக்க கம் போங் உதவினார். 1792-இல் சயாம் மன்னர் முதலாம் ராமா இந்தக் குடியிருப்பை நகரமாக்கி, அவருக்கு பிரா பதும் வொராரத் சுரியவொங் என்ற பட்டத்தைத் தந்தார். பதுமம், சூரியவம்சம் என்று அந்தப் பட்டமும் நமக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கும்.

லாவோ வழக்கில் ஊர் அமைவதும் கோயில் எழுவதும் ஒரே வேலை. உபோனின் முதல் கோயில் ஆற்றங்கரையில் இருக்கும் வாட் லுவாங். இடம்பெயர்ந்து வந்தவர்கள் கையோடு கொண்டுவந்ததாக மரபு சொல்லும் புசராகம் புத்தர், மஞ்சள் மணிக்கல்லில் செதுக்கிய சிறிய உருவம், இப்போது வாட் சி உபோன் ரத்தனாராமில் இருக்கிறது. ‘புசராகம்’ நம் புஷ்பராகமேதான்.

வாட் துங் சி முவாங் எழுந்தது அடுத்த தலைமுறையில், மூன்றாம் ராமாவின் ஆட்சிக்காலத்தில், 1824-க்கும் 1851-க்கும் இடையே. கட்டக் காரணமாக இருந்தவர் சுய் என்ற தேரர். அரியவொங்சாசான், அதாவது ஆரியவம்ச ஆசாரியர், என்பது அவருடைய பட்டம். பாங்காக்கின் வாட் சகேட்டில் இருந்து உபோனின் சங்கத் தலைமைக்கு வந்தவர். வாட் சகேட்டில் உள்ள புத்தபாதத்தின் மாதிரி ஒன்றை உபோனில் வைத்து வழிபட விரும்பினார். அதற்காக ஒரு பாத மண்டபம் கட்ட வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் நீர் தேங்கும் நிலம் என்பதால், பக்கத்தில் குளம் வெட்டி அந்த மண்ணைக் கொட்டி மண்டபத்துக்கு மேடை எழுப்பினார்கள். மேட்டுக்கு மண் எடுத்த பள்ளமே பிறகு சுவடிக்கூடத்துக்கு அகழியானது. நம் ஊரில் ஏரி தூர்வாரிய மண்ணைக் கரைக்குப் போடுவது போன்ற கணக்குதான். ஒரு தோண்டலில் இரண்டு கட்டடங்களுக்கு வழி பிறந்தது.

கட்டடப் பொறுப்பு யாகூ சாங் என்ற வியந்தியான் துறவியிடம் போனது. பெயரைச் சற்று நிறுத்திப் படிக்க வேண்டும். ‘சாங்’ என்றால் தச்சர், கைவினைஞர். ‘யாகூ’ என்பது துறவிக்குரிய பட்டம். லாவோ மரபில் இந்தப் பட்டங்களைத் தந்தது ஊர்தான், அரசன் அல்ல. நாகத்தின் வடிவில் குடைந்த நீண்ட மரத்தொட்டியில் ஊர்மக்கள் ஆளுக்கொரு கலயம் மணநீர் ஊற்றுவார்கள். அது நாகத்தின் உடல் வழியே ஓடி, கீழே அமர்ந்திருக்கும் துறவியின் தலையில் இறங்கும். அத்தோடு அவர் பட்டம் பெற்றவர். முதல் நீராட்டுக்கு ஒரு பட்டம், அடுத்ததற்கு அதைவிட உயர்ந்தது என்று படிப்படியாக ஏறும். ஆக, யாகூ சாங் என்றால் ‘தச்சராகிய ஆசான்’. இயற்பெயர் போய்த் தொழிற்பெயரே நின்றுவிட்டது. வியந்தியானை சயாம் படை 1828-இல் அடியோடு அழித்து மக்களைக் கூட்டம் கூட்டமாக மேக்கோங்கின் இக்கரைக்குக் கொண்டுவந்த காலத்தை ஒட்டியே இந்தக் கோயில் எழுகிறது. கோயில்களும் அவற்றின் சுவடிக்கூடங்களும் எரிந்ததைத் தன் காலத்திலேயே கண்ட தலைமுறையின் வேலை இது. அதனால்தான் ஏடுகளை வைக்க நீரைத் தேர்ந்ததில் வெறும் பூச்சிக் கணக்கை மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை.

பூச்சிக் கணக்கும் சாதாரணமானதல்ல. மண்ணில் வாழும் கரையானுக்கு ஈரமண்ணோடு தொடர்பு அறவே அறக்கூடாது. சுவரில் ஏறினாலும் தூணில் ஏறினாலும் மண்ணால் குழாய் கட்டிக்கொண்டே அதற்குள் போகும். அந்தக் குழாயை நீருக்குள் கட்ட முடியாது. குளத்தில் நட்ட மரத்தூணின் அடி எப்போதும் நீரில் இருந்தால், கரையிலிருந்து கூடத்துக்குக் கரையான் வர வழியே கிடையாது. எறும்புக்கும் எலிக்கும் இது பெரிய தடை. ஓலைக் கூரையும் மூங்கில் சுவரும் நெருங்கி நிற்கும் ஊரில் தீ பிடித்தாலும் குளத்தைத் தாண்டி நெருப்பு வருவது கடினம்.

இந்த ஏற்பாடு தோற்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். முதல் இடம் பாலம். கரையையும் கூடத்தையும் நிரந்தரப் பலகையால் இணைத்தால் அதன் அடிப்பக்கமே கரையானுக்கு நெடுஞ்சாலை. பாலத்தை வாரம் ஒரு முறையாவது அடியிலிருந்து பார்க்க வேண்டும். மண்குழாய் ஒரு விரல் நீளம் தெரிந்தாலும் சுரண்டி எடுத்தாக வேண்டும். இரண்டாவது, குளக்கரை மரத்தின் கிளை. கூரையைத் தொடும்படி வளர விட்டால் எறும்பும் எலியும் மேல்வழியே வரும். மூன்றாவது, கோடை. ஈசான் என்று பெயர் பெற்ற இந்த வடகிழக்குத் தாய்லாந்து நிலம் மணற்பாங்கானது. மார்ச், ஏப்ரலில் குளம் வற்றித் தூணடி வெறும் சேறாகிவிட்டால் அகழி இல்லாத மாதிரிதான். நான்காவதுக்கு நீரால் விடையே இல்லை. மழை தொடங்கியதும் பறக்கும் ஈசலும், மண்ணே தேவைப்படாமல் காய்ந்த மரத்துக்குள் வாழும் கரையான் வகையும் காற்று வழியாக வரும். அதற்குக் கண்பார்வை ஒன்றுதான் காவல்.

தூண்கள் கெடுவதைப் பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. நீருக்குள் இருக்கும் பகுதி முதலில் உளுத்துப்போகும் என்று நினைப்பார்கள். நடப்பது வேறு. முழுக்க மூழ்கிய மரத்துக்கு மூச்சு கிடையாது, ஆகவே மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கும் அங்கே வாழ்வு கடினம். மேலே காய்ந்த பகுதியில் பூஞ்சைக்கு ஈரம் போதாது. இரண்டும் சேர்ந்து கிடைப்பது நீர்மட்டம் ஏறி இறங்கும் அந்த முழ அளவு வளையத்தில்தான். வருடந்தோறும் நனைந்து காய்ந்து அந்த இடம் மட்டும் இடுப்பு சிறுத்தது போல ஆகும். குளம் வற்றும் மாதத்தில் அந்த வளையத்தைக் கத்தி முனையால் குத்திப் பார்ப்பதே சரியான சோதனை. முனை எதிர்ப்பில்லாமல் இறங்கினால் அந்தத் துண்டை வெட்டி, பாதிக்குப் பாதி செதுக்கிய இணைப்பில் புது வைரமரம் ஒட்டுவார்கள். இக்காலத்தில் பல இடங்களில் தூணின் அடியைச் சிமெண்டுக் காலணிக்குள் வைக்கிறார்கள். சிமெண்டின் மேல்விளிம்பில் சரிவு விடாவிட்டால் மழைநீர் மரத்துக்கும் சிமெண்டுக்கும் இடையே தேங்கும். பழைய நோய் புதிய உயரத்தில் தொடங்கும்.

துங் சி முவாங் கூடத்தின் மரவேலைக்கு வருவோம். அகலம் 8.20 மீட்டர், நீளம் 9.85 மீட்டர், உச்சி வரை உயரம் ஏறக்குறைய 10 மீட்டர். பெரிய கட்டடம் அல்ல. சுவர் மத்திய தாய்லாந்து வீடுகளின் பாணியில் சட்டமும் பலகையுமாகக் கோத்தது. மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். சட்டத்துக்குள் தளர்வாக உட்கார்ந்த பலகை அதற்கு இடம் கொடுக்கும், பிளக்காது. கூரை அடுக்கடுக்காக ஏறுவதைப் பர்மிய பாணி என்கிறார்கள். ஆழமான இறவாரம் சாரலைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கிறது. அந்த இறவாரத்தைத் தாங்கும் செதுக்கிய கொடுங்கைகள், முகப்பின் கொடிக்கருக்கு, கூரை முனைகளின் நாகம் எல்லாம் லாவோ உளியின் வேலை. நீரிலிருந்து எழும் காற்று தளத்தின் அடியில் தடையின்றி ஓடுவதால் உள்ளே புழுக்கம் கட்டுவதில்லை. ஏட்டுக்கு ஈரம் எதிரி என்பது நமக்குத் தெரியும். கோடையின் கடும் வறட்சியும் அதே அளவு எதிரி, ஓலை நொறுங்கும். இரண்டு எல்லைக்கும் போகாமல் குளம் நடுவில் பிடித்து வைக்கிறது.

பாத மண்டபத்தைப் பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். செங்கல்லும் சுதையுமாக எழுந்த அந்தக் கட்டடத்தின் மேற்பகுதியில் பாங்காக் சாயல், இடுப்பு ஒடுங்கிய அடித்தளத்தில் லாவோ சாயல். படிக்கட்டின் இருபுறமும் படுத்த முதலைகள். உட்சுவர்களில் புத்தர் வாழ்வின் ஓவியங்கள். தனிக் கட்டுரைக்கு உரியது அது.

ஏடு எப்படி உருவானது என்று தெரிந்தால்தான் அதற்காக இவ்வளவு பாடுபட்டது ஏன் என்று விளங்கும். லாவோக்கள் பயன்படுத்தியது நம் நாட்டுப்பனையின் ஓலை அல்ல. ‘லான்’ என்று அவர்கள் சொல்லும் கூந்தற்பனையின் ஓலை. நம்மிடமும் இலங்கையிலும் சீதாளம், தாளிப்பனை என்று பெயர் பெற்ற மரத்தின் நெருங்கிய உறவு. நாட்டுப்பனை ஓலையைவிட மெல்லியது, அகலமானது, நன்றாக வளையக்கூடியது. விரியாத குருத்தை மட்டுமே வெட்டுவார்கள். விரிந்துவிட்டால் ஓலை முற்றிக் கருக்கும், எழுத்தாணிக்கு ஏற்காது. ஈர்க்கை நீக்கி, பகல் வெயிலிலும் இரவுப் பனியிலும் போட்டு வெளுக்க வைத்து, ஒரே அளவில் நறுக்கி, துளையிட்டு, அழுத்துப் பலகைகளுக்கு இடையே இறுக்கி, சூளையில் வாட்டுவார்கள். இந்த வாட்டலில் பச்சைச்சாறு வெளியேற வேண்டும். குறைந்தால் ஓலை பின்னால் சுருளும், பூஞ்சணம் பிடிக்கும். மிஞ்சினால் ஓரம் நொறுங்கும். முடிந்த ஏடு 50 முதல் 60 சென்டிமீட்டர் நீளம், ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அகலம்.

வரி இட, கரிமை தோய்த்த நூலை இழுத்துக் கட்டிச் சுண்டுவார்கள். பக்கத்துக்கு நான்கு அல்லது ஐந்து வரி. எழுதுவது தம் எழுத்தில், அதாவது தம்ம எழுத்தில். மோன் எழுத்தின் வழி வந்தது, அதன் மூலம் பல்லவ எழுத்து. வளைவுகளைப் பார்த்தாலே உறவு தெரியும். வளைவுக்கு ஓலையும் ஒரு காரணம் என்பார்கள். ஓலையின் நரம்பு வரி ஓடும் திசையிலேயே ஓடுவதால், நேர்கோடாக அழுத்தி இழுத்தால் நரம்பு வழியே கீறல் பிளந்துகொண்டு போகும். எழுத்தாணி அதிகம் இறங்கினால் ஓலை கிழியும், மேலோடு போனால் மை நிற்காது. இடது கட்டைவிரல் ஆணியை மெல்லத் தள்ளிக்கொண்டே வர, ஓலைதான் நகரும். கை பெரும்பாலும் ஓரிடத்தில் இருக்கும். எழுதி முடித்ததும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விளக்குக் கரியை மரப்பிசின் எண்ணெயில் குழைத்துப் பூசி, சுடுமணலோ தவிடோ தூவித் துடைத்தால் மேற்பரப்பு சுத்தமாகிக் கீறலில் மட்டும் கருப்பு தங்கும். நம் மையாடலேதான், கோவையிலைச் சாறுக்குப் பதில் பிசின்.

24 ஏடு சேர்ந்தது ஒரு ‘பூக்’, ஒரு கட்டு. அந்த 24-க்கு அழகான கணக்கு உண்டு. ஏடுகளுக்கு எண் கிடையாது, எழுத்துதான். க, கா, கி, கீ என்று ஒரு மெய்யோடு 12 உயிர்க் குறிகள் சேர 12 ஏடு. அடுத்து ‘க’கரத்தின் மூச்சொலி வடிவத்தோடு 12. இரண்டு மெய்க்கு 24 ஏடு, ஒரு கட்டு முடிந்தது. அடுத்த கட்டு அடுத்த இரண்டு மெய்யோடு தொடங்கும். கயிறு அறுந்து ஏடு சிதறினாலும் எழுத்தைப் பார்த்தே எந்தக் கட்டில் எந்த இடம் என்று சேர்த்துவிடலாம். பல கட்டுகள் சேர்ந்து ஒரு பொதி. மரச்சட்டங்களுக்கு நடுவே வைத்து, நெய்த துணியில் சுற்றி, நூலின் பெயரும் கட்டுகளின் எண்ணிக்கையும் எழுதிய மரச்சீட்டைச் செருகி, பேழையில் வைப்பார்கள். அந்தத் துணிகள் பெரும்பாலும் ஊர்ப்பெண்கள் நெய்து கொடுத்தவை. எழுதியவருக்கும் எழுத வைத்தவருக்கும் உள்ள புண்ணியத்தில் பங்கு நெய்தவருக்கும் உண்டு.

இவ்வளவு செய்தும் ஏட்டுக்கு ஆயுள் உண்டு. செல்லும் இராமபாணமும் என்றாவது வழி கண்டுபிடிக்கும். ஆகவே படி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். படி எடுப்பதே புண்ணியம் என்ற நம்பிக்கை இந்த வேலையைத் தலைமுறைகளுக்கு இழுத்து வந்தது. பழைய படியின் பிழையும் கூடவே வந்தது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று நம்மவர் சொன்னது அங்கேயும் பொருந்தும்.

கடைசியில் உபோனின் ஏடுகளைப் பயனற்றவையாக்கியது கரையான் அல்ல. 1890-களில் பாங்காக் அரசு உபோனைத் தலைமையிடமாக்கி, அந்த நிலப்பகுதிக்கு ‘லாவோ காவ்’ மாகாணம் என்று பெயரிட்டிருந்தது. 1899-இல் பெயரிலிருந்து ‘லாவோ’ நீங்கியது. 1900-இல் ‘ஈசான்’ வந்தது. நம் ஈசானிய மூலைதான், வடகிழக்கு. ஒரு மக்கள் பெயர் போய் ஒரு திசைப்பெயர் நின்றது. அதற்கு இரண்டு ஆண்டுக்குள் ‘பு மீ புன்’ கிளர்ச்சி, புண்ணியவான்களின் எழுச்சி. கூழாங்கல் பொன்னும் வெள்ளியும் ஆகும், பொன் வெள்ளி கூழாங்கல்லாகும், வெள்ளெருமையும் பன்றியும் யட்சர்களாகி மனிதரைத் தின்னும் என்ற வருவதுரைத்தல் ஏடுகளில் எழுதப்பட்டு ஊர் ஊராகப் போனது. படி எடுத்தால் புண்ணியம் என்ற அதே பழக்கம் இந்தச் செய்தியையும் பரப்பியது. 1902 ஏப்ரலில் சபூ கிராமத்தில் பீரங்கி முன் அது முடிந்தது. பிடிபட்டவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியது உபோன் நகரின் துங் சி முவாங் திடலில். கோயிலுக்குப் பெயர் தந்த அதே வெளி.

1921-இல் கட்டாயத் தொடக்கக்கல்விச் சட்டம். பள்ளியில் தாய்லாந்து எழுத்து மட்டும். ஒரு தலைமுறைக்குள் தம்ம எழுத்து, துறவு பூண்டு படித்த முதியவர்களின் சொத்தாகச் சுருங்கியது. ஏடு பூச்சிக்குத் தப்பிப் பேழையில் கிடக்க, படிக்கிறவர் குறைந்துபோனார். சமயவுரை ஆற்றும் துறவிகள் ஏட்டின் வடிவிலேயே தாய் எழுத்தில் அச்சிட்ட தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். புத்தரின் முற்பிறவியான வெஸ்ஸந்தரரின் கதையை ஓதும் நான்காம் மாத விழாவில் அதன் 13 காண்டங்களையும் ஒரே நாளில் ஓதுவது மட்டும் நிற்கவில்லை. மொழி லாவோவாகவே இருக்கிறது, எழுத்துதான் மாறியது.

மேக்கோங்கின் அக்கரையில் வேலை பெரிய அளவில் நடந்தது. லாவோஸ் தேசிய நூலகமும் ஜெர்மன் நிறுவனங்களும் சேர்ந்து 1992 முதல் கோயில் கோயிலாகப் போய் ஏடுகளைத் துடைத்து, கட்டி, பட்டியலிட்டு, ஏறத்தாழ 12,000 நூல்களைப் படமெடுத்தன. அவை இன்று இணையத்தில் யாரும் திறந்து பார்க்கும்படி இருக்கின்றன. தமிழ் வாசகர் அந்தப் படங்களைத் திறந்தால் கடைசி ஏட்டுக்குப் போக வேண்டும். எழுதியவர் பெயர், எழுத வைத்தவர் பெயர், முடித்த நாள், பல இடங்களில் தன் கையெழுத்து அழகில்லை என்ற மன்னிப்பு, இறுதியில் ‘நிப்பான பச்சயோ ஹோது’, இது நிப்பானத்துக்கு, நம் நிர்வாணத்துக்கு, ஏதுவாகட்டும். ஆண்டு பெரும்பாலும் சுள்ள சகம் என்ற பழைய ஆண்டுக்கணக்கில் இருக்கும். அதோடு 638 கூட்டினால் நம் ஆண்டு. புத்தாண்டு ஏப்ரல் நடுவில் பிறப்பதால், சனவரி முதல் ஏப்ரல் நடு வரை முடித்த ஏட்டுக்கு 639 கூட்ட வேண்டும். 1154 என்றால் 1792, உபோன் நகரமான ஆண்டு. 1190 என்று கண்டால் 1828, வியந்தியான் எரிந்த ஆண்டில் யாரோ ஒருவர் எழுத்தாணி பிடித்துக்கொண்டிருந்தார்.